சொல்லித் தராத தொழில்

எங்கள் வாசக வட்டத்தில் சில மாதங்களாக ஒரு வழக்கு தீர்ப்பின்றி நடந்துவருகிறது. பல்லாண்டு பாடுபட்டு ஒரு தொழிலைக் கற்றவர், அதன் நுட்பங்களைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தரத்தான் வேண்டுமா என்பதே வழக்கு. கவிதையும் நாவலும் பேசக் கூடும் ஆறு பேருக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வழக்கைக் கொண்டுவந்தது ஒரு வன்தட்டு. அந்த வன்தட்டுக்குள் இருந்தது ஓர் அகராதி. ஆகவே இது எங்கள் எல்லைக்குள் வரும் வழக்குதான் என்று எடுத்துக்கொண்டோம்.

சேலத்தை அறியாதவர்களுக்கு ஃபேர்லேண்ட்ஸைப் பற்றி ஓரிரு வரிகள். ஐந்து ரோட்டுக்கும் சாரதா கல்லூரிச் சாலைக்கும் அருகே, மருத்துவமனைகளும் துணிக்கடைகளும் காப்பிக்கடைகளும் நெருங்கி நிற்கும் பகுதி அது. பெயரைத் தமிழாக்கினால் ஏதோ வண்ணப்பூச்சு நிறுவனத்தின் பெயர்போல ஒலிக்கும் என்பதால் எல்லோரும் அப்படியே விட்டுவிட்டார்கள். அங்கே ஒரு மாடியறையில் பழுதான வன்தட்டுகளிலிருந்து தரவு மீட்டுக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். வாசலில் பெரிய பலகை கிடையாது. ஒரு ஸ்டூடியோக்காரர் சொல்லி இன்னொரு ஸ்டூடியோக்காரர் வருவார்; ஒரு ஆடிட்டர் அனுப்பி இன்னொரு ஆடிட்டர் வருவார். அவ்வளவுதான் விளம்பரம்.

அவரிடம் நாங்கள் கொண்டுசென்றது, இராசிபுரம் பக்கத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்று, சென்ற ஆண்டு மறைந்துபோன பெரியவர் ஒருவருடைய வன்தட்டு. இருபது ஆண்டுகளாக அவர் சேலம், நாமக்கல் சமவெளியின் தொழிற்சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். தறிக்குழியில் உட்கார்ந்து பாவு, ஊடை, நாடா, அச்சு என்று எழுதிக்கொண்டவர். கவலை இறைத்த கிழவர்களைத் தேடிச் சென்று சால், வடக்கயிறு, வால்கயிறு என ஒவ்வொன்றாகக் கேட்டு, அந்தக் கிழவர்கள் ஒவ்வொருவராக மறைய, அவர்களுடைய சொற்களுக்குத் தாம் ஒருவரே சாட்சியாக மிஞ்சியவர். அச்சிடுவதற்கு அவருக்கு அவசரமில்லை. இன்னும் நாலு ஊர் பாக்கி இருக்கிறது என்பார். அவர் மறைந்தபின் மகள் கணினியைத் திறக்க முயன்றபோது, வன்தட்டிலிருந்து டக், டக் என்று சீரான ஓசை மட்டுமே வந்தது.

அந்த ஓசையைக் கேட்டதும் மீட்பாளர் செய்த முதல் வேலை, மின்கம்பியைப் பிடுங்கியது. "இதுக்கு மேல கரண்டு குடுக்காதீங்க" என்றார். வேறெதுவும் அப்போது சொல்லவில்லை. அது ஏன் என்பதைப் பிறகு நாங்களாகவே படித்தும், அவரிடம் துளைத்துக் கேட்டும் தெரிந்துகொண்டோம்.

வன்தட்டுக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல் எழுதவும் படிக்கவும் செய்யும் தலைமுனை, தகட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. மனித மயிர் ஒன்றின் தடிமனைப் பதினாயிரம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு அளவுக்கும் குறைவான இடைவெளி. ஒரு தூசி போதும், மோதல் நிகழ. தலைமுனை பழுதாகிவிட்டால் தான் இருக்கும் தடம் எதுவென்று அதற்குத் தெரியாது. ஓரத்துக்குப் போய் முட்டித் திரும்பும், மறுபடி முயலும். அந்த முயற்சியின் ஓசைதான் டக், டக். பழுதான முனை ஒவ்வொரு முறை வந்துபோகும்போதும் தகட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டக்கூடும். சுரண்டப்பட்டது தூளாகப் பறந்துபோகும். தூளை எவரும் படிக்க முடியாது. 'இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம்' என்ற நம்பிக்கையே தரவைக் கொல்லும் முதல் எதிரி என்று அவர் பின்னர் சொன்னதன் பொருள் இதுதான்.

மீட்பதற்கு, அதே வகையைச் சேர்ந்த இன்னொரு வன்தட்டு வேண்டும். தொழிலில் அதை டோனர் என்கிறார்கள், இரத்தம் கொடுப்பவரைச் சொல்வதுபோல. தூசி வடிகட்டிய காற்று வீசும் மேசையில் வைத்து டோனரின் தலைமுனைகளைக் கழற்றிப் பழுதானதில் பொருத்த வேண்டும். வெளிப்பலகையை மாற்றினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். பழைய காலத்து வன்தட்டுகளில் அது சில வேளை நடந்தது. இப்போதெல்லாம் அந்தப் பலகையிலிருக்கும் ஒரு சிறு சில்லில், அந்த ஒரு வன்தட்டுக்கே உரிய அளவுத் திருத்தங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தச் சில்லையும் பெயர்த்துப் பற்றவைத்தாக வேண்டும். அதன்பின்னும், தகட்டிலேயே ஒரு மறைவிடத்தில் எழுதப்பட்டிருக்கும் உள்நிரல் கெட்டிருந்தால் அதைச் சீர்செய்ய ரஷ்யாவில் தோன்றிய ஏஸ் லேப் நிறுவனத்தின் பிசி-3000 போன்ற கருவி வேண்டும். அதன் விலை பல லட்சம் ரூபாய். பொருத்திய முனைகளும் நெடுநேரம் தாங்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் நகலெடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளைக் கடைசிக்கு ஒதுக்க வேண்டும். சாகக் கிடப்பவரிடம் முதலில் முக்கியமானதைக் கேட்டுக்கொள்வதுபோல.

பதினெட்டு நாள் ஆயிற்று. அழைத்தார். போனோம். அவர் முகம் வாடியிருந்தது. "ஃபைல் எல்லாம் பெரும்பாலும் வந்துருச்சுங்க. ஆனா உள்ள இருக்கிற எழுத்து கெட்டுப்போச்சு. ஒண்ணும் புரியல" என்றார். திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடந்தன. எங்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அது கெட்டுப்போன எழுத்தன்று. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்னும் சொல், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். இணையத் தமிழின் தொடக்க ஆண்டுகளில் எழுதியும் வாசித்தும் பழகியவர்களுக்கு அந்தக் குப்பை தாய்மொழிபோல. டிஸ்கி ஒரு பக்கம், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி அரசு ஏற்ற டாம், டாப் ஒரு பக்கம், ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனித்தனியே ஓர் எழுத்துரு என்று கிடந்த காலம் அது. ஒருங்குறி வந்து அந்தப் பாபேல் கோபுரத்தைச் சரித்தது. இடைக்காலத்தில் நம்மைக் காத்தவை சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி, முகுந்தின் இ-கலப்பை, என்எச்எம் மாற்றி போன்றவை. அத்தனையும் இலவசமாகத் தரப்பட்டவை என்பதை இங்கே அடிக்கோடிட விரும்புகிறோம், பின்னால் தேவைப்படும்.

அரை மணி நேரத்தில் மாற்றிக் காட்டினோம். குப்பை கரைந்து, பெரியவரின் அகராதி எழுந்து வந்தது. மீட்பாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எந்த எழுத்துருவை எப்படி அடையாளம் காண்பது, எந்த மாற்றி எங்கே கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இதுவரை எத்தனையோ வாடிக்கையாளரிடம் 'எழுத்து கெட்டுவிட்டது' என்று சொல்லி அனுப்பியிருப்போமோ என்று அவர் முனகியது எங்களுக்குக் கேட்டது. நாங்கள் மறைக்கவில்லை, மறைக்க வேண்டுமென்று தோன்றவும் இல்லை.

அந்த நெகிழ்ச்சியான வேளையில்தான் எங்கள் நண்பர் வாய்திறந்தார். அவருடைய அக்கா மகன் திருச்செங்கோட்டுப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டுக் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறான். நுண்பற்றவைப்பு நன்றாக வரும். இந்தத் தொழிலைக் கற்க ஆசைப்படுகிறான். இங்கே வந்து கற்றுக்கொள்ளலாமா?

மீட்பாளர் குறிப்பேட்டை மூடினார். "அது மட்டும் முடியாதுங்க" என்றார்.

வழக்கு அங்கே தொடங்கியது. முதலில் எங்களுக்குச் சினம்தான் வந்தது. சற்றுமுன் நம்மிடம் கற்றுக்கொண்டவர் இவ்வளவு சுருங்கிய மனத்தினரா என்று படியிறங்கும்போதே பேசிக்கொண்டோம். பின்னர் இரண்டு மூன்று முறை சென்று பேசியபோது அவர் தரப்பு விரிந்தது. அதை முழுமையாகச் சொல்லாமல் எங்கள் கருத்தைச் சொல்வது முறையாகாது.

பெங்களூரில் ஒரு பட்டறையில் அவர் ஐந்தாண்டு வேலை பார்த்திருக்கிறார். முதலாளி கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் தலைமுனை மாற்றுவாராம். இவருக்கு வேலை, பெட்டி பிரிப்பதும் ரசீது போடுவதும். இவர் செய்தது என்னவென்றால், மீட்க முடியாது என்று முதலாளி குப்பையில் போட்ட வன்தட்டுகளை இரவில் அறைக்கு எடுத்துச் சென்று, எந்தத் திருகு கழற்றப்பட்டிருக்கிறது, எந்த முனை வளைந்திருக்கிறது, பசை எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தே கற்றது. பிரேதப் பரிசோதனையிலிருந்து மருத்துவம் கற்றதுபோல. "எனக்கு யாருங்க சொல்லிக் குடுத்தாங்க?" என்று அவர் கேட்டபோது குரலில் பெருமையும் இருந்தது, புண்ணும் இருந்தது.

இரண்டாவது காரணம் கனமானது. தாம் பட்டதைப் பிறர் படவேண்டாமென்று அவரும் ஒரு காலத்தில் ஒரு பையனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இரண்டாம் ஆண்டிலேயே அவன் வாடிக்கையாளர் எண்களோடு வெளியேறி, பாதிக் கட்டணத்தில் கடை போட்டான். அதையும் பொறுத்துக்கொண்டாராம். ஓராண்டு கழித்து ஒரு பெண் ஒரு வன்தட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்தார். கணவர் விபத்தில் இறந்துவிட்டார். குழந்தையோடு அவர் பேசிச் சிரித்த காணொளிகள் அதில்தான் இருந்தன. மூடியைத் திறந்து பார்த்தபோது தகட்டின்மேல் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. மின்விசிறி ஓடும் அறையில், கையுறைகூட இல்லாமல் திறந்திருக்கிறான் பழைய சீடன்.

"தையல் பழகுறவன் துணியைக் கெடுத்தா வேற துணி வாங்கிக்கலாம். சமையல் பழகுறவன் குழம்பைக் கெடுத்தா கொட்டிட்டு மறுபடி வைக்கலாம். இதுல பழகுறதுக்கு அடுத்தவங்க டிஸ்க்குதாங்க கிடைக்கும். போச்சுன்னா போச்சு. அந்த அம்மாகிட்ட என்ன சொல்றது, நீங்க சொல்லுங்க" என்றார்.

எங்களால் சொல்ல முடியவில்லை.

அரைகுறை அறிவு செய்யும் கேட்டுக்கு அவர் அடுக்கிய சான்றுகள் வேறு. பழுதான வன்தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் உயிர்வரும் என்று ஒரு வைத்தியம் உலகெங்கும் உலாவியது. குளிர்ந்த தகட்டில் நீர் பூத்து, இருந்ததும் போனதுதான் பலருடைய அனுபவம். பழுதான தட்டின்மேலேயே கோப்புப் பிழைதிருத்தும் நிரலை ஓடவிட்டு, கிடைத்திருக்கக்கூடிய அடைவுகளை அந்த நிரலே சிதைக்க வைப்பவர்கள் இன்னொரு வகை. மீட்கும் மென்பொருளை, எதிலிருந்து மீட்க வேண்டுமோ அதே தட்டில் நிறுவுகிறவர்கள் மூன்றாம் வகை. புதைந்த ஏட்டைத் தோண்ட, ஏட்டின்மேலேயே கடப்பாரையை இறக்குவது இது.

இவ்வளவையும் கேட்டபின் எங்கள் வட்டம் இரண்டாகப் பிரிந்தது. மூவர் மீட்பாளர் பக்கம். எஞ்சிய மூவர் எதிர்ப்பக்கம். எதிர்ப்பக்கத்தார் துணைக்கு அழைத்தது உ.வே.சாமிநாதையரை.

தமிழில் தரவு மீட்பு என்றால் வேறு யாரை அழைப்பது? கதை நம் வாசகர்கள் அறிந்ததுதான், எனினும் இந்த வழக்கின் கண்ணால் பார்த்தால் அது வேறாகத் தெரிகிறது. 1880ஆம் ஆண்டு அக்டோபரில், அரியலூரிலிருந்து கும்பகோணத்துக்கு முன்சீபாக மாறிவந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்திக்கிறார். என்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று இவர் பட்டியல் சொல்ல, முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் ஐயரின் வாழ்க்கை திரும்பியது. கேள்வி கேட்டதோடு முதலியார் நிற்கவில்லை; ஏட்டுப் பிரதியையும் கொடுத்தார். சீவக சிந்தாமணி 1887இல் அச்சாகி வெளிவந்தது. நம் ஊர்ப்பெயரைச் சுமந்த ஒருவர் அந்தத் தொடக்கத்தில் நிற்பதில் எங்களுக்குக் கொஞ்சம் செருக்கு உண்டு, மறைப்பானேன்.

ஆனால் இந்த வழக்குக்கு உதவுவது அதற்கடுத்த பகுதி. ஏடு கையில் இருந்தும் ஐயருக்கு நூல் விளங்கவில்லை. அது சமண காவியம். சமயச் சொற்களும் மரபுகளும் அவர் கற்ற கல்விக்கு வெளியே கிடந்தன. அப்போது கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்கள் அவரைத் தங்கள் வீட்டில் அமர்த்தி விளக்கினார்கள். சைவ மடத்தில் படித்து வந்த ஒரு பிராமண இளைஞருக்குத் தங்கள் மறைபொருளைச் சொல்லித் தர வேண்டிய கட்டாயம் எதுவும் அவர்களுக்கு இல்லை. அவர் தவறாகப் புரிந்துகொண்டு பிழையாக அச்சிடவும் கூடும். அவரும் அன்று அந்தத் துறையில் ஒரு கற்றுக்குட்டியே. அவர்கள் 'முடியாதுங்க' என்று ஏட்டை மூடியிருந்தால்? பாமினிக் குப்பையைப் பார்த்து எழுத்து கெட்டுவிட்டது என்று சொன்னாரே மீட்பாளர், அதுபோல ஏடு இருந்தும் நூல் இல்லாமல் போயிருக்கும்.

ஐயரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்விலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஐயர் எழுதிய பிள்ளையவர்கள் சரித்திரத்தில் அது வருகிறது. திருச்சிராப்பள்ளியில் இளைஞராக இருந்த பிள்ளைக்குத் தண்டியலங்காரம் கற்க வேண்டும். அது தெரிந்தவர் அவ்வூரில் பிச்சையெடுத்துத் திரிந்த ஒரு பரதேசி. எளிதில் எவருக்கும் வசப்படாதவர். பிள்ளை அவர் பின்னாலேயே திரிந்து, வேண்டியதை வாங்கிக் கொடுத்து, மனம் குளிரச் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்றார். பெங்களூர்ப் பட்டறையின் குப்பைத்தொட்டியும் திருச்சிராப்பள்ளித் தெருவும் எங்களுக்கு ஒன்றுபோலவே தோன்றின. வேறுபாடு அதன்பின் நிகழ்ந்ததில் இருக்கிறது. அப்படி அலைந்து கற்ற பிள்ளை, தம்மிடம் வந்தவர் எவராயினும், எந்தச் சாதி, எந்தச் சமயமாயினும், பொருள் எதிர்பாராமல் சொல்லிக் கொடுத்தார். தாம் அலைந்ததை ஒரு கட்டணமாக்கி மாணாக்கர் தலையில் அவர் வைக்கவில்லை. 1876இல் அவர் மறைந்தபோது அவர் அறிந்தது பலரிடம் பரவியிருந்தது.

இதைச் சொன்னதும் மறுபக்க நண்பர் ஒருவர் சிரித்தார். "பிள்ளை தண்டியலங்காரம் சொல்லிக் குடுத்தா எதிர்த்த தெருவுல போட்டிக் கடை வராதுங்க" என்றார். நியாயமான அடி. ஆகவே வயிற்றுப்பாட்டுத் தொழிலிலிருந்தே சான்று தேட வேண்டியதாயிற்று. அதற்குச் சமவெளியை விட்டு வெளியே போகத் தேவையில்லை.

இன்று சேலத்தைச் சுற்றி மரவள்ளி ஆலைகள் நிறைந்திருக்கின்றன. 1940களில் உலகப்போரால் தென்கிழக்காசியாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, வணிகத்துக்காகக் கேரளம் சென்ற சேலத்து மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவைச் சந்தித்தார். மரவள்ளிக்கிழங்கிலிருந்து மாவு எடுக்கும் முறை ஷாவுக்குத் தெரியும். அவர் அதைச் சொன்னார். கிழங்கை இடித்துப் பாலெடுத்து, மாவைப் படியவிட்டு, தூளியில் இட்டுக் குலுக்கி மணியாக்கி, வறுத்து உலர்த்தும் தொழில் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்கும், சேலத்திலிருந்து ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல் பக்கங்களுக்கும் பரவியது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே தோன்றும் அளவுக்கு வளர்ந்தது. அந்த இருவரும் ரகசியமாக வைத்திருந்தால் ஒரு குடும்பம் செல்வமடைந்திருக்கும். நாடு முழுவதும் ஜவ்வரிசி என்றால் சேலம் என்று ஆகியிருக்காது. (அதே தொழிலில் பின்னாளில் மக்காச்சோள மாவைக் கலப்படம் செய்தவர்களும் முளைத்தார்கள் என்று மறுபக்கம் உடனே நினைவூட்டியது. உண்மைதான். பரவும்போது கெட்டவர் கையிலும் போய்ச்சேரும்.)

திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளை எடுத்துக்கொள்ளலாம். வடமாநிலங்களிலும் ஆப்பிரிக்காவிலும் அவ்வூர் வண்டிகள் பாறையைத் துளைக்கின்றன. கம்பி தூக்கும் உதவியாளாகப் போனவன் துளைப்பவனாகி, பங்காளியாகி, சொந்தமாக வண்டி வாங்கி, தன் ஊரிலிருந்து அடுத்த உதவியாளை அழைத்துக்கொண்டு போவது அங்கே வழக்கம். பாறையின் ஓசையைக் கேட்டு எந்த அழுத்தம் கொடுப்பது என்பதை எந்தக் கையேடும் சொல்லாது. வண்டியின்மேல் நின்றுதான் பழக வேண்டும். நண்பரின் அக்கா மகன் அந்த ஊர்க்காரன் என்பதால், தொழிலைக் கேட்டால் தரமாட்டார்கள் என்பதே அவனுக்கு வியப்பாக இருந்ததாம்.

தரவு மீட்பு உலகத்திலேயே கொடையாளிகள் இருக்கிறார்கள் என்பதும் வழக்குக்குள் வந்தது. அழிந்த பகிர்வுகளையும் படங்களையும் மீட்கும் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகியவற்றை எழுதிய கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர், அவற்றை நிரல்மூலத்தோடு இலவசமாகத் தந்தார். எளிய பகுதிகளை முதலில், கடின பகுதிகளைக் கடைசியில் என்று மேலே சொன்னோமே, அந்த அறிவை அப்படியே நிரலாக்கி டிடிரெஸ்க்யூ என்ற பெயரில் வெளியிட்டவர் அன்டோனியோ டியாஸ் டியாஸ். மீட்பாளரின் கணினியிலேயே இம்மூன்றும் இருப்பதை எங்களில் ஒருவர் கவனித்திருந்தார். எவரும் சொல்லித் தரவில்லை என்ற அவருடைய கூற்றில் அந்த அளவுக்கு ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் தொழிலின் ரகசியங்களே முன்போல் நெடுநாள் தாங்குவதில்லை. திண்மநிலைத் தட்டுகளில் அழித்த கோப்பின் இடத்தை, டிரிம் என்னும் ஏற்பாட்டின்வழி, தட்டே பின்னணியில் காலிசெய்துவிடுகிறது. அதன்பின் எந்த வித்தகரும் ஒன்றும் செய்வதற்கில்லை. புதிய தட்டுகளும் கைப்பேசிகளும் தரவைத் தாமே மறைக்குறியாக்கி வைக்கின்றன. சில்லுகளைப் பெயர்த்துப் படித்தாலும் சாவியின்றிப் பொருள்படாது. உற்பத்தி நிறுவனங்கள் உள்நிரலின் விவரங்களை வெளியிடுவதில்லை. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமை பற்றி ஒரு குழுவை அமைத்தது. பயனர் கையேடும் உதிரிபாகமும் பழுதுபார்ப்பவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அதன் பேச்சு. பெரிய நிறுவனங்கள் ஒளிக்கின்றன என்று மீட்பாளரே எங்களிடம் குறைபட்டுக்கொண்டார். அப்போது அவர் முகத்தைப் பார்த்து நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காப்பி கிடைத்திருக்காது.

எங்களுக்குள் ஒருவாறு திரண்ட கருத்து இது. எதைச் செய்யக்கூடாது என்ற அறிவை ஊரறியச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதால் எந்த மீட்பாளருக்கும் நட்டமில்லை, லாபமே. டக் டக் ஓசை வந்தால் நிறுத்து, மூடியைத் திறக்காதே, அதே தட்டில் எதையும் எழுதாதே என்பவை பாம்புக்கடிக்கான முதலுதவி போன்றவை. விரலில் இருக்கும் அறிவை, அதாவது முனைகளைத் தூக்கி வைக்கும் அந்தக் கைப்பக்குவத்தை, சொல்லித் தந்தாலும் தந்துவிட முடியாது. அது பழகியே வரும். அதை ஒளிப்பது, நீச்சலை ஒளிப்பதுபோல. உண்மையில் ஒளிக்கப்படுவது அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது. எந்தக் குறியைக் கண்டால் எந்த வழியில் போவது, எங்கே நிறுத்திக்கொண்டு 'என்னால் ஆகாது' என்று சொல்வது என்ற தெளிவு. விரல்ரேகை பதித்த அந்தப் பழைய சீடனுக்குக் கிடைக்காமல் போனது இதுதான் என்று நாங்கள் கருதுகிறோம். தொழிலில் பாதியைக் கற்று, மறுபாதி கதவுக்குப் பின்னால் நின்றதால் வந்த விபத்து அது; முழுவதும் கற்றதால் வந்ததன்று. மூவரில் இருவர் இதை ஏற்றார்கள். ஒருவர் இன்னும் ஏற்கவில்லை: அவன் பேராசைக்காரன், எவ்வளவு சொல்லிக் கொடுத்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பான் என்கிறார்.

இன்னொரு சிக்கலையும் அவர்தான் எழுப்பினார். மீட்பாளர் கையில் வருவது வெறும் தட்டன்று, ஒரு வீட்டின் அந்தரங்கம். கடிதங்கள், மருத்துவ அறிக்கைகள், கணக்குகள், படங்கள். கண்டும் காணாமலிருக்கும் பண்பை எந்தப் பாடத்தில் சேர்ப்பது? அதனால்தான் வருகிற எல்லோருக்கும் அல்லாமல், ஆளைப் பார்த்துச் சொல்லித் தருவது என்ற பழைய முறைக்கு அவர் வாதாடினார். சித்தமருத்துவர்கள் பரிபாஷையில் எழுதிவைத்ததும் இதற்குத்தான் என்றார். அந்தப் பரிபாஷையின் திறவுகோல் தெரிந்தவர்கள் மறைந்தபின் எத்தனை பாடல்கள் இன்று வெறும் சொல்லாக நிற்கின்றன என்று நாங்கள் கேட்டோம். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளைப் பற்றிய பேச்சும் வந்தது. இருட்டிவிட்டது, கலைந்தோம்.

அகராதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டோமே. பத்தில் ஒன்பது பங்கு கிடைத்திருக்கிறது. தறிச்சொற்கள் இருந்த கோப்பு பாதியில் நிற்கிறது. தகட்டில் சுரண்டப்பட்ட தடம் அதன் வழியே போயிருக்கிறது. பெரியவர் கேட்டெழுதிய நெசவாளர்களில் உயிரோடிருப்பவர் இருவர் என்று மகள் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் நாங்கள் போகிறோம். அவர்கள் சொல்லித் தருவார்களா என்று எங்களில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

திருச்செங்கோட்டு இளைஞனை மீட்பாளர் இன்னும் சீடனாக ஏற்கவில்லை. ஆனால் சென்ற மாதம் நாங்கள் கட்டணத்தின் மீதியைச் செலுத்தச் சென்றபோது ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். உரியவர்கள் வேண்டாமென்று விட்டுப்போன, உள்ளடக்கம் முழுவதும் அழிக்கப்பட்ட நாற்பது செத்த வன்தட்டுகள். "தம்பிகிட்ட குடுங்க. எது எதனால செத்துச்சுன்னு ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டு வரட்டும். அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அவன் இதுவரை பதினொன்றை எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறான். அதில் நான்கு தவறு என்று பதில் வந்தது. எந்த நான்கு என்று அவர் சொல்லவில்லை.